ஆறில் கழித்துப் படித்த எண்கள்

அன்று காலை ஷிப்டில் ஸ்டோருக்குள் இருந்தவர்கள்:

தாமஸ். கம்ப்யூட்டரில் வரவு போடுகிறவர். ஸ்லிப் அச்சடித்துக் கொடுக்கிறவரும் அவர்தான்.

ஏழுமலை. சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. அவர் ஆட்கள் வெளியே யார்டில்தான். வாய் ஓயாதவர்.

கனகா. பேக்கிங். புருஷன் இல்லை. பிள்ளைகள் உண்டு.

சுகுணா. பேக்கிங். கனகாவோடு ஒரே மேசை.

டேவிட். சரக்கை எண்ணிச் சரிபார்க்கிறவர்.

நாராயணப்பா. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். கான்ட்ராக்ட் ஆள். சேர்ந்து சில வாரம்தான்.

நான், கன்னியப்பன். ஸ்டோர்கீப்பர்.

ஏழு பேர் உள்ளே போனோம். ஆறு பேர் நடந்து வெளியே வந்தோம்.

இப்போது அந்தப் பம்ப் கம்பெனியில் ஸ்கேனர் வந்துவிட்டது. ரேக்கில் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். தப்பான இடத்தில் வைத்தால் மெஷினே கத்துகிறதாம். நல்லதுதான். போன மாதம் ரயிலடியில், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

“அண்ணே, நீங்க அங்க ஸ்டோர்ல இருந்தீங்களாமே. அது இன்னாண்ணே, ஆறுல கழி, ஆறுல கழின்னு அசெம்ப்ளி ஆளுங்க சொல்லிச் சிரிச்சிக்கினு கீறாங்க?”

அவர்களிடம் சிரிப்பு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதியை எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில், பாலகாட் பகுதியில் அண்டர்கிரவுண்டு வேலை. நான் எட்டாவது வரை படித்தேன். சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். விடியும் முன்னே ரயில் ஏறினேன். முதலில் மூட்டை தூக்கினேன். பிறகு அட்டையில் கணக்கு எழுதினேன். கணக்கு தப்பவில்லை என்று ஸ்டோர்கீப்பர் ஆக்கினார்கள். இவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

கம்பெனி தண்ணீர் பம்ப் செய்கிறது. பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. ரயிலை விட்டு இறங்கி, கம்பெனி வேனில் கொஞ்ச தூரம் போகவேண்டும். வியாபாரம் ஏறினதும் புதிய ஸ்டோர் கட்டினார்கள். இரும்பு ரேக்குகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டு, கூரை வரைக்கும். தட்டை நாங்கள் லெவல் என்போம். அடி லெவலில் காஸ்டிங். பம்பின் இரும்பு உடம்பு அது, கனம் அதிகம். உச்சி லெவலில் கேஸ்கட் பெட்டி, அட்டைப் பெட்டி. காற்றடித்தால் பறக்கிற சாமான்.

ரேக்குக்கு எண் எழுதச் சொன்னார்கள். டேவிட்டும் ஏழுமலையும் தகர டப்பாவை வெட்டி அச்சு செய்தார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். உச்சியில் ஒன்று. அடியில் ஐந்து.

யாரும் கேள்வி கேட்கவில்லை. உள்ளே இருந்த அத்தனை பேரும் சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள். சுரங்கத்தில் ஒன்று என்றால் மேலே. ஆட்களைச் சுமந்து கேஜ் இறங்க இறங்க லெவலின் எண் கூடும். அப்பாக்கள் வீட்டில் அப்படித்தான் பேசினார்கள். லெவலைக் கீழேயிருந்து எண்ணுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

சில வருஷம் அட்டைக் கணக்கிலேயே ஓடியது. பிறகு முதலாளியின் மகன் வந்தார். சாஃப்ட்வேர் வாங்கினார். ஆர்டர், கொள்முதல், ஸ்டோர், பில் எல்லாம் ஒரே ஸ்கிரீனில் வரும் என்றார்கள். பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் எண்ணிச் சொல்ல, அவர்கள் ஏற்றினார்கள்.

சாஃப்ட்வேரை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் வேண்டாத போல்ட் மலையாகக் குவிந்து கிடக்கும். வேண்டிய சீல் இருக்காது. அசெம்ப்ளி லைன் நிற்கும். வந்த பிறகு, இத்தனை பம்புக்கு ஆர்டர் என்றால், இதெல்லாம் இருக்கிறது, இதெல்லாம் வாங்கவேண்டும் என்று அதுவே சொன்னது. ஆனால் நாம் கொடுத்ததை வைத்துத்தான் சொல்லும். அதனால் வேலை முறையாக இருக்கவேண்டும். லாரி வந்தால் முதலில் கேட்டில் பதிவு. ஆர்டரோடு ஒத்துப் பார்க்கவேண்டும். சோதனை முடியும்வரை சரக்கு சிவப்புக் கயிற்றுக்குள் நிற்கும். முடிந்ததும் தாமஸ் வரவு போடுவார். ஸ்கிரீன் ஒரு இடம் கொடுக்கும். வரிசை, ரேக், லெவல். அது ஸ்லிப்பில் அச்சாகி டிரைவர் கைக்குப் போகும். டிரைவர் வைத்துவிட்டு வந்து, வைத்தேன் என்று சொன்ன பிறகுதான் தாமஸ் முடித்து வைப்பார். நடுவில் ஒன்றை விட்டால் சரக்கு இருந்தும் இல்லாததாகிவிடும்.

டேவிட்டுக்குத் தினமும் பத்து இடம் வரும். எண்ணிக் கொண்டு வரவேண்டும். ஸ்கிரீனில் எத்தனை இருக்கிறது என்று அவருக்குக் காட்டக்கூடாது. காட்டினால் அதையே எழுதிவிடுவோம் என்று அந்த ஏற்பாடு. டேவிட்டுக்குக் காட்டியிருந்தாலும் எண்ணாமல் எழுதமாட்டார்.

முதல் நாள் தாமஸ் ஸ்கிரீனைப் படித்தார். “காஸ்டிங், சி வரிசை, ஒண்ணாம் லெவல்.”

ஏழுமலை அண்ணாந்து பார்த்தார். “காஸ்டிங்க உச்சில ஏத்தறதா? யோவ் தாமசு, கண்ணாடிய தொடச்சிட்டுப் படி.”

“ஸ்கிரீன்ல அப்டித்தான்யா கீது.”

“அப்ப ஸ்கிரீன தொட.”

பெங்களூர் ஆளைக் கூப்பிட்டோம். ரேக் விற்றவர்கள் கொடுத்த வரைபடத்தை வைத்து ரேக் இடங்களை அவர்கள் ஏற்றியிருந்தார்கள். அதில் தரையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்கிரீனில் மாற்றவேண்டுமானால் ஸ்டாக் முழுதையும் சைபராக்கி, மறுபடி ஏற்றவேண்டும், இரண்டு மூன்று நாள் சரக்கு வெளியே போகாது என்றார். “பெயின்ட்டை மாத்திடுங்க. அதுதான் ஈஸி.”

அதைப் பிரபாகர் சாரிடம் சொல்லப் போனேன். அவர் பிளான்ட் மேனேஜர்.

பிரபாகர் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை. கான்ட்ராக்ட் ஆளைக்கூட வாங்க போங்க என்பார். ஸ்டோர் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்ட சேஃப்டி ஷூ வேண்டும். அவர் மெல்லிய தோல் ஷூ போடுவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவார். நாங்கள் கோடு வரைக்கும் போகவேண்டும். விதியை மீறமாட்டார். ஷூவையும் மாற்றமாட்டார். முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது. “செய்யலாம்” என்பார். ஏதாவது கெட்ட செய்தி சொல்லப்போகிறார் என்றால் முதலில் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார்.

“ரேக் நம்பரை மாத்தி எழுதணும் சார். ஸ்கிரீனும் ரேக்கும் தலைகீழா இருக்கு.”

“எழுதலாம் கன்னியப்பன். என்ன ஆகும்?”

“ஏணி வண்டி வாடகைக்கு வேணும். ஒவ்வொரு வரிசையா நிறுத்தணும் சார்.”

“இந்த மாசம் டெஸ்பாட்ச் முடியட்டும். செய்யலாம்.”

அடுத்த மாதமும் போய் நின்றேன். செய்யலாம் என்றார். அதற்கடுத்த மாதமும் செய்யலாம். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, ஸ்டாக் எடுக்கும்போது மட்டும் கேட்டேன்.

வேலை நிற்காதே. நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம். ஸ்லிப்பில் என்ன எண் வருகிறதோ, அதை ஆறிலிருந்து கழிக்கவேண்டும். ஒன்று வந்தால் ரேக்கில் ஐந்து. இரண்டு வந்தால் நான்கு. மூன்று மூன்றுதான். டேவிட் கண்டுபிடித்தது அது. நாலைந்து நாளில் பழகிவிட்டது. அப்புறம் யாரும் கழிக்கிற மாதிரியே தெரியாது. கண் ஒன்றைப் படிக்கும், கை ஐந்துக்குப் போகும்.

ஏழுமலை அதை வைத்துக்கொண்டு ரயிலில் கூத்தடிப்பார். டீக்காரர் எத்தனை என்று கேட்டால், “ஸ்கிரீன் கணக்கா, ரேக்கு கணக்கா?” என்பார். தாமஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசிப்பார். “அதிகாரம் ரெண்டுன்னா நாலப் படிச்சிட்டு வந்துடாதய்யா” என்பார். டேவிட் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

ஸ்டோரைப் பற்றிய சங்கதி எல்லாம் ரயிலில்தான் பேசினோம். எந்த ரேக்கின் கால் வளைந்திருக்கிறது, எந்த லாரிக்காரர் எடையில் ஏமாற்றுவார், எல்லாம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஒரு வாரம் எங்களோடு ரயிலில் வந்தால் போதும். தனியாக ஒன்றும் சொல்லித் தரவேண்டாம். சேர்ந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள். அதனால் எல்லோரும் ரயிலில்தான் வந்தார்கள்.

நாராயணப்பா ரயிலில் வரவில்லை. கம்பெனிக்குப் பக்கத்துக் கிராமம். பைக்கில் வருவார். நாற்பது வயது இருக்கும். கன்னடம் பேசுவார், கொஞ்சம் தெலுங்கு. தமிழ் கேட்டால் புரியும். அவரை வெளியே யார்டில் போட்டிருந்தார்கள். லாரியிலிருந்து இறக்குவது மட்டும். ரேக்குக்கு வேறு டிரைவர் இருந்தார், எங்கள் ஊர்க்காரர். அவர் வளைகுடாவுக்குப் போகிறேன் என்று ஒரு சனிக்கிழமை கணக்கை முடித்துக்கொண்டார். திங்கட்கிழமை நாராயணப்பாவை உள்ளே அனுப்பினார்கள்.

அன்று காலை நான் ரேக்குக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு லாரி காஸ்டிங் வந்திருந்தது. தாமஸ் வரவு போட்டு ஸ்லிப் கொடுத்தார். சி வரிசை, லெவல் ஒன்று. நாராயணப்பா ஸ்லிப்பைப் பார்த்தார். ரேக்கைப் பார்த்தார். மஞ்சளில் ஒன்று என்று எழுதியிருந்த இடத்துக்கு ஏற்றினார். சுத்தமாக வைத்தார். காஸ்டிங் அடுக்கிய மரப்பலகையைப் பேலட் என்போம். முதல் பேலட், இரண்டாவது பேலட். நான் திரும்பி வந்தபோது மூன்றாவதை இறக்கி ஃபோர்க்கை உருவிக்கொண்டிருந்தார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ரேக் சரிகிற சத்தம் முந்திக்கொண்டது.

டேவிட் அந்த வரிசையின் கடைசியில் இருந்தார். எண்ணிக்கொண்டிருந்தார்.

காஸ்டிங்கை எல்லோரும் கையால் எடுத்தோம். கனகாவும் சுகுணாவும் எடுத்தார்கள். ஏழுமலை டேவிட்டின் பெயரைச் சொல்லிச் சொல்லி எடுத்தார். அடிக்குப் போனபோது ஏழுமலை பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார். பெண்களை வெளியே போகச் சொன்னோம்.

நாராயணப்பா ஃபோர்க்லிஃப்ட்டை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் போய் அவர் கையை எடுத்துவிட்டேன்.

“அண்ணா, ஸ்லிப்ல ஒந்து இத்து. ரேக்ல ஒந்து மேலே இத்து. அல்லே இட்டேன் அண்ணா. ஒந்து அல்லே தானே?”

ஒன்று மேலேதான் இருந்தது. அங்கேதான் வைத்திருந்தார். ஆமாம் என்றேன்.

பிரபாகர் சார் வந்தார். யாருடைய சேஃப்டி ஷூவையோ வாங்கிப் போட்டிருந்தார், பெரியது. அன்றுதான் கோட்டைத் தாண்டினார். டேவிட்டைப் பார்த்தார். பிறகு விழாமல் நின்ற ரேக்குகளை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணினாரோ என்னவோ.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்தில் ஒருவர் செத்தால் அந்த ஷிப்டே மேலே ஏறி வந்துவிடும். வேலை செய்யாது. நாங்களும் போய் வாசலில் உட்கார்ந்தோம். மாலை தாமஸை வந்து கூப்பிட்டார்கள், மாதக் கடைசி, ஸ்டாக் சரியாக இருக்கவேண்டும் என்று. தாமஸ் எழுந்திருக்கவில்லை. நான் போனேன். உடைந்த காஸ்டிங்கை ஸ்டாக்கிலிருந்து எடுக்கவேண்டும். எடுக்க ஸ்கிரீன் காரணம் கேட்கும். துரு. அளவுப் பிழை. வழியில் சேதம். மற்றவை. நான் ‘மற்றவை’யை அழுத்தினேன்.

போலீஸ் படம் எடுத்தது. படத்தில் இருந்தது குவியல் மட்டும். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், எங்களிடம் படம் இல்லை. விழுந்த ரேக்கை முறுக்கிய இரும்பு என்று எடைக்குப் போட்டார்கள். புதன்கிழமை டேவிட்டை அடக்கம் செய்தோம். அந்த வாரம் ஸ்டோரைப் பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனோம்.

வாசலிலேயே பெயின்ட் வாசனை.

எல்லா ரேக்கிலும் எண் மாறியிருந்தது. அடியில் ஒன்று, உச்சியில் ஐந்து. பழைய எண் இருந்த இடத்தில் சாம்பல் நிறம் பூசி, மேலே புது மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து முடித்திருந்தார்கள். ஏணி வண்டி இன்னும் ஓரமாக நின்றது.

ஏழுமலை கிட்டே போய் விரல் வைத்துப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

“இன்னாண்ணே இது. இத்தினி வருசமா செய்யலாம், செய்யலாம்னாரு. ஒரு ஞாயித்துக்கெழம போதும் பாரு.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுதும் எங்களுக்குத் தப்பு வந்தது. கண் ஒன்றைப் படித்தால் கை உச்சிக்குப் போனது.

இனி நாராயணப்பாவின் கதை. அவரைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. கம்பெனி சொன்னது இதுதான்: ஸ்லிப்பில் ஒன்று. ரேக்கில் ஒன்று என்பது தரை. டிரைவர் இஷ்டத்துக்கு உச்சியில் ஏற்றினார். இப்போது வந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். மேலே ஒன்று இருந்தது என்று நாராயணப்பா சொன்னால், தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்றாகும்.

போலீசுக்குக் கொடுக்கக் கம்பெனி வக்கீல் வந்து ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார். பிரபாகர் சார் அறையில். அவரும் உட்கார்ந்திருந்தார். தாமஸ், ஏழுமலை, கனகா, சுகுணா ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். வந்தவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாக நான்.

“உட்காருங்க கன்னியப்பன். பொண்ணு எப்படி இருக்கா? மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?” என்றார் பிரபாகர் சார்.

“இருக்காங்க சார்.”

வக்கீல் கன்னடத்தில் எழுதி வைத்திருந்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது. படிக்கச் சொன்னேன். ரேக்கின் அடித்தட்டில் ஒன்று என்று எழுதப்பட்டிருந்தது என்பதுவரை படித்தார்.

“அஞ்சு சார்.”

“இப்ப என்ன இருக்கு?”

“இப்ப ஒண்ணு.”

“அப்ப ஒண்ணுதானே?”

“போன ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி அஞ்சு.”

வக்கீல் பிரபாகர் சாரைப் பார்த்தார். பிரபாகர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகச் சொன்னார். “அவருக்கு மனசு சரியில்லை. நாளைக்கு எழுதிக்கலாம்.”

அந்த நாளை வரவில்லை. சம்பவம் நடந்தபோது நான் கேட்டில் இருந்ததாக எழுதிவிட்டார்கள். என்னை ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பழைய இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு கோலார் கோர்ட்டில் இழுத்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு நாராயணப்பாவின் வக்கீல் ஆள் அனுப்பினார். உள்ளே இருந்தவர்கள் வந்து எண்ணைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஜெயில்தான் என்றார். அசெம்ப்ளி ஆட்கள் ஆறில் கழிக்கிற பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், ரேக்கைப் பார்த்ததில்லை. பழைய டிரைவர் வளைகுடாவில். எங்கே என்று வீட்டிலேயே சரியாகச் சொல்லவில்லை. ஸ்டோருக்கு வேறு ஷிப்டு கிடையாது, எண்ணை மாற்றிப் பெயின்ட் அடித்தவர்கள் யாரென்றும் தெரியாது. மிச்சம் நாங்கள்தான்.

முதலில் டேவிட்டின் மனைவி ரோஸியிடம் போனேன். அவளிடம் சொல்லாமல் செய்யக்கூடாது. பக்கத்து லைன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாராயணப்பாவுக்கு சாட்சி சொல்லப்போறேம்மா.”

“சொல்லுங்க அண்ணே.”

“உனக்கு மனசுல ஒண்ணும்...”

“அந்த எண்ண எழுதினதே இவருதான அண்ணே. வூட்டுக்கு வர்றப்ப கையெல்லாம் மஞ்சளு. மண்ணெண்ண போட்டு நாந்தான் தொடச்சி வுட்டேன். யார் மேல கோவப்பட?” முறத்தைத் தட்டினாள். “போய் இருக்கறதச் சொல்லுங்க.”

தாமஸ் வீடு ஸ்கெலட்டன் என்கிற லைனில். சர்ச் முடிந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

“நான் கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணே.”

“தெரியும்.”

“எம் பொண்ணு இப்ப அங்க ஆபீஸ்ல கீறா. பிரபாகர் சாருதான் போட்டாரு.”

“தெரியும் தாமசு.”

“நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. பேசலாம். எனக்கு இன்னும் நாலு வருசம் கீது.” அவர் குரல் உயரவில்லை. “நான் சபையில எழுந்து நின்னு வாசிக்கறவன் அண்ணே. தினம் நெனைக்கறேன். ஆனா வரமாட்டேன். வர்றேன்னு பொய் சொல்லி உங்கள அனுப்ப இஷ்டமில்ல.”

காபி குடித்துவிட்டு வந்தேன்.

சுகுணா, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கனகா ஒரு கேள்வி கேட்டாள்.

“மொத நாள் போட்ட கையெழுத்த மறு நாள் மாத்தினா ஜெயில்ல போடுவாங்களா அண்ணே?”

நாராயணப்பாவின் வக்கீலிடம் கேட்டுவிட்டு, போடமாட்டார்களாம் என்று சொன்னேன். சரி என்றாள்.

ஏழுமலை மட்டும் உடனே சொன்னார். “வர்றேண்ணே. இன்னா புடுங்கிடுவானுங்க? கூண்டுல ஏறி ரேக்கு கணக்கா ஸ்கிரீன் கணக்கான்னு ஜட்ஜையே கேக்கறேன் பாரு.”

வாய்தா அன்று நான் முதல் பஸ்ஸில் போனேன். ஏழுமலை அடுத்த பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் நாராயணப்பா நின்றார். இளைத்திருந்தார். லைசென்சை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறார். தோளில் தழும்பு.

“யாரு யாரு பர்த்தாரண்ணா?” என்று கேட்டார். யார் யார் வருகிறார்கள் என்கிறார்.

“ஏழுமலை வர்றாரு.”

பஸ் ஒவ்வொன்றாக வந்தது. ஏழுமலை வரவில்லை. போன் அணைத்திருந்தது. வழக்கைக் கூப்பிடுகிற நேரத்தில் கனகா வந்தாள். பேக்கிங் யூனிபார்மோடு, கையில் சாப்பாட்டுப் பை. அரை நாள் லீவ் எழுதிவிட்டு வந்திருந்தாள்.

முதலில் என்னை ஏற்றினார்கள். அடியில் என்ன எண் என்று கேட்டார்கள். சொன்னேன். அரசு வக்கீல் எழுந்தார்.

“உங்களை ஸ்கிராப் யார்டுக்கு மாத்தினாங்க. அந்தக் கோபம்.”

“கோபம் இருந்தது.”

“ஸ்டோர் உங்க பொறுப்பு. உங்களைக் காப்பாத்திக்கப் பேசறீங்க.”

“என்மேல கேஸ் இல்லைங்க.”

அடுத்து கனகா. அடியில் ஐந்து என்றாள். அவள் வாக்குமூலத்தைக் காட்டினார் அரசு வக்கீல்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“இதுல ஒண்ணுன்னு இருக்கே?”

“வேலை வேணும்னு போட்டேன்.”

“இப்ப வேலை வேண்டாமா?”

“வேணும்” என்றாள் கனகா.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை ஏழுமலை என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“பஸ் ஏறிட்டேண்ணே. பங்காருப்பேட்டை வரைக்கும் வந்தேன். அங்க எறங்கிட்டேன். ஸ்டேஷன் பெஞ்சில குந்திக்கினு இருந்தேன் இந்நேரம் வரைக்கும்.”

திண்ணையைக் காட்டினேன். உட்காரவில்லை.

“அஞ்சுன்னு சொன்னா, யார் எழுதினதுன்னு கேப்பாங்க இல்ல? டேவிட்டும் நானும்னு சொல்லணும். டேவிட் போயிட்டான். அப்ப நாந்தான?” மூக்கைத் துடைத்தார். “அவன அடியில இருந்து எடுத்தவன் நான். நானே கொன்னேன்னு எப்டிண்ணே சொல்றது?”

“நீ கொல்லல ஏழுமலை.”

“நீ சொல்ற. ஜட்ஜு சொல்லுவாரா?”

கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு ரயிலில் வேறு பெட்டியில் ஏறுகிறார் என்று கேள்வி. யாரையும் கிண்டல் பண்ணுவதில்லையாம்.

கனகாவை அந்த மாதக் கடைசியில் நிறுத்தினார்கள். பேக்கிங்குக்கு மெஷின் வரப்போகிறது, ஆள் குறைக்கிறோம் என்று காரணம். மெஷின் இன்னும் வரவில்லை. இப்போது பெங்களூரில் துணிக் கம்பெனிக்குப் போகிறாள். இன்னும் தூரம்.

தீர்ப்பு வந்தது. நாராயணப்பா குற்றவாளி. ஒரு வருஷம். ஓய்வு பெற்ற ஒருவர் மனத்தாங்கலில் பேசுகிறார், ஒரு பெண் கையெழுத்தை மாற்றுகிறார், இதை நம்ப முடியாது என்று எழுதியிருப்பதாக வக்கீல் சொன்னார். கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் மாற்றவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார்கள். அப்பீல் போட்டிருக்கிறோம். ஜாமீனில் இருக்கிறார். மேல்கோர்ட்டில் புது சாட்சியைச் சேர்க்க மனுப்போட்டுப் பார்க்கலாம், ஆள் இருந்தால் என்கிறார் வக்கீல்.

ரயிலடியில் கேட்ட அந்த இரண்டு பேருக்கு இதுதான் பதில். ஸ்லிப்பில் ஒன்று வந்தது. ரேக்கில் ஒன்று உச்சியில் இருந்தது. நாராயணப்பா வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தார். தாமஸ், ஏழுமலை, சுகுணா இதைப் படிக்கலாம், அல்லது யாராவது படித்துக் காட்டலாம். அப்பீல் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. நேரம் இருக்கிறது.

ஸ்டோருக்குள் வேலை செய்து அந்த எண்ணைத் தினமும் கண்ணால் பார்த்து, இன்று உயிரோடு இந்த ஊரில் இருக்கிற சாட்சிகள் ஐந்து பேர். கோர்ட்டில் ஏறிச் சொன்னவர்கள் இரண்டு.